ஐ.வி.எஃப்.புக்கு முன் எல்லோருக்கும் லேப்ராஸ்கோப்பி தேவையா?

"ஐ.வி.எஃப். (கருமுட்டையை உடலுக்கு வெளியே கருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) தொடங்கும் முன் லேப்ராஸ்கோப்பி, ஹிஸ்டரோஸ்கோப்பி இரண்டையும் செய்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் கரு ஒட்டாது" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. எல்லோருக்கும் பொருந்தும் விதி இது அல்ல.

ஹிஸ்டரோஸ்கோப்பி என்பது கருப்பைக்குள் மெல்லிய கேமராவை விட்டுப் பார்ப்பது. ஸ்கேன் இயல்பாக இருந்து, முதல் ஐ.வி.எஃப்.புக்குத் தயாரான 750 பெண்களிடம் நெதர்லாந்தில் ஓர் ஆய்வு நடந்தது. 2016இல் லான்செட் இதழில் வந்தது. இந்தப் பரிசோதனை செய்தவர்களில் 57 சதவீதம் பேருக்கும், செய்யாதவர்களில் 54 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. இந்த இடைவெளி தற்செயலாகவே வரக்கூடியது. ஏற்கெனவே 2 முதல் 4 முறை ஐ.வி.எஃப். தோற்றவர்களிடம் நடந்த இன்னோர் ஆய்விலோ இரு பக்கமும் 29 சதவீதம்தான்!

சரி, அப்போது யாருக்குத் தேவை? ஸ்கேனில் பாலிப் (சிறு சதை வளர்ச்சி), கருப்பைக்குள் துருத்தும் கட்டி, தடுப்புச் சுவர் போன்றவை தெரிந்தால் ஹிஸ்டரோஸ்கோப்பிக்குக் காரணம் இருக்கிறது.

லேப்ராஸ்கோப்பி மயக்க மருந்து கொடுத்து, வயிற்றில் துளையிட்டு, கேமராவை விட்டுப் பார்த்துச் செய்யும் அறுவை சிகிச்சை. சும்மா 'பார்த்துவிடலாம்' என்று செய்வதல்ல. ஐ.வி.எஃப். கருக்குழாயைத் தாண்டிச் செல்வதால், அடைப்பை மட்டும் உறுதிசெய்ய அது பெரும்பாலும் வேண்டியதில்லை. ஆனால் குழாயில் நீர் கோத்து வீங்கியிருந்தால் கதை வேறு: அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து கரு ஒட்டும் வாய்ப்பைக் குறைக்கும். அதனால் முதலில் அந்தக் குழாயை நீக்கவோ அடைக்கவோ சொல்வார்கள். சூலகத்தில் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளர்வது) கட்டி என்றால் அவசரப்பட்டு அகற்றினால் முட்டை இருப்பே குறையலாம்.

"என் ஸ்கேனில் எதைப் பார்த்து இதைச் சொல்கிறீர்கள்?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.