யூரோட்ரான்ஸ்பிளான்ட் உறுப்புகளை ஏலம் விடுகிறதா?

‘ஐரோப்பாவில் எட்டு நாடுகளின் தான உறுப்புகள் ஒரே அலுவலகத்துக்குப் போகின்றன, அங்கே பணக்காரருக்கு ஏலம் விடுகிறார்கள்’ என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. முதல் பாதியே தவறு. தான உறுப்பு எந்த நோயாளிக்கு என்று முடிவு செய்யும் அமைப்புதான் யூரோட்ரான்ஸ்பிளான்ட். நெதர்லாந்தின் லெய்டனில் இருக்கும் அதற்கு வருவது தகவல் மட்டும்தான். உறுப்பு நேராக மருத்துவமனைக்குப் போகும். இதயம் நான்கு மணி நேரம் போலத்தான் தாங்கும். ஏலம் நடத்த நேரம் ஏது?

யோன் வான் ரூட் என்ற மருத்துவர் 1967இல் இந்த அமைப்பைத் தொடங்கினார். காரணம் எளிது: சிறுநீரகத்துக்குத் திசுப் பொருத்தம் அமைய நோயாளிப் பட்டியல் பெரிதாக இருக்க வேண்டும், ஒரு சிறு நாட்டில் அது கிடைக்காது. இன்று ஜெர்மனி, ஆஸ்திரியா, குரோவேஷியா, ஹங்கேரி உட்பட எட்டு நாடுகள் உள்ளன. சிறுநீரகத்துக்குக் கணினி புள்ளி போடுகிறது: திசுப் பொருத்தம், காத்திருந்த காலம், தூரம் என்று. குழந்தைகளுக்குக் கூடுதல் புள்ளி. வருமானத்துக்குப் புள்ளியே கிடையாது.

சரி, ‘பெரிய நாடு அள்ளிக்கொண்டு போகிறது’ என்ற புகார்? அதற்காகவே நாடுகளுக்கிடையிலான கொடுக்கல் வாங்கலும் புள்ளியில் சேர்கிறது. அதிகம் அனுப்பிய நாட்டு நோயாளிக்கு அது சாதகம்.

மோசடியே நடந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். 2012இல் ஜெர்மனியில் சில மருத்துவர்கள், உறுப்பு முன்னதாகக் கிடைக்க வேண்டும் என்று தங்கள் கல்லீரல் நோயாளிகளின் நிலையை உள்ளதைவிட மோசமாகக் காட்டியது அம்பலமானது. வதந்திக்குத் தீனி போட்டது அதுவாக இருக்கலாம். ஆனால் அங்கே நடந்தது மருத்துவமனை தந்த தகவலில் தில்லுமுல்லு. லெய்டனில் ஏலம் அல்ல.