பெனலபி மாத்திரையை விட்டுக் குணமானாரா?

‘ஒன் டே அட் எ டைம்’ என்ற அமெரிக்க டிவி தொடரில் பெனலபி மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிட்டு, குடும்பப் பாசத்தாலேயே மனச்சோர்விலிருந்து மீண்டார் என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு. நடந்தது நேர்மாறு.

ஜஸ்டினா மச்சாடோ நடித்த பெனலபி, கியூப வம்சாவளி அமெரிக்கர், முன்னாள் ராணுவ நர்ஸ். 2018-இல் வந்த 2-ஆம் சீசனின் 9-ஆவது எபிசோடில், ‘இப்போதுதான் நன்றாக இருக்கிறேனே’ என்று மாத்திரையையும் தெரபியையும் (மனநல ஆலோசனை) சேர்த்தே விடுகிறார். படுக்கையை விட்டு எழ முடியாத அளவுக்குச் சரிகிறார். பிறகு இரண்டையும் மறுபடி தொடங்குகிறார். பாசம் துணை நின்றது, மருந்தாகவில்லை.

இவ்வகை மாத்திரை வேலைசெய்யவே சில வாரங்கள் ஆகும். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் வரலாம், நோயும் திரும்பலாம். டாக்டர் சொல்படி, வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் அளவைக் குறைக்க வேண்டும்.