தோற்றவன் கதை என்பதாலேயே அது போர் எதிர்ப்புப் படம் ஆகிவிடுமா?

தோற்ற பக்கத்துச் சிப்பாய்களை வைத்து ஒரு படம் வந்தால் போதும், ‘போருக்கு எதிரான படம்’ என்று முத்திரை குத்திவிடுகிறோம். சேறு, பனி, பசி, கடைசியில் எல்லோரும் சாகிறார்கள். அப்புறம் என்ன, போர் எதிர்ப்புதானே என்று கேட்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தோற்றவன் அழுகிறான் என்பதற்காக அவன் எதற்காகச் சண்டைக்குப் போனான் என்ற கேள்வி செத்துப்போய்விடாது.

இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு 1950களில் மேற்கு ஜெர்மனியில் இந்த வகைப் படங்கள் நிறைய வந்தன. சாதாரணச் சிப்பாய் நல்லவன், கடமையைச் செய்தான், மேலே உட்கார்ந்திருந்த நாலு பேர்தான் அயோக்கியர்கள் என்பதுதான் பெரும்பாலும் கதை. பார்க்கிறவருக்கும் நிம்மதி, எடுத்தவருக்கும் வசூல். சோவியத் யூனியனை எதிர்த்த கிழக்குப் போர்முனையில் அதே ஜெர்மன் ராணுவம் பொதுமக்களையும் யூதர்களையும் கொன்றது பற்றி ஒரு வார்த்தை இருக்காது. 1995-ல் ஹாம்பர்க்கில் அந்தக் குற்றங்களைப் புகைப்படங்களும் ஆவணங்களுமாகக் கண்காட்சி வைத்தபோது நாடே இரண்டுபட்டது. போர் முடிந்து ஐம்பது வருடம் ஆகியும் ‘எங்கள் அப்பா அப்படிப்பட்டவர் இல்லை’ என்ற கோபம் அடங்கவில்லை. அந்த நம்பிக்கையை வளர்த்ததில் சினிமாவுக்கும் பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

அதே காலத்தில், அதே நாட்டில், 1959-ல் வந்த படம்தான் ‘டி ப்ரூக்கே’. பாலம் என்று அர்த்தம். இயக்கியவர் பெர்ன்ஹார்ட் விக்கி. இளைஞராக இருந்தபோது நாஜிகளின் சாக்சன்ஹவுசன் வதைமுகாமில் மாதக்கணக்கில் அடைபட்டிருந்தவர். கதை, கிரேகோர் டோர்ஃப்மைஸ்டர் என்பவர் ‘மான்ஃப்ரெட் கிரேகோர்’ என்ற புனைபெயரில் எழுதிய நாவல். 1945-ல் அவருக்கே பதினாறு வயது. ஒரு பாலத்தைக் காக்க நிறுத்தப்பட்டு உயிர் பிழைத்தவர்களில் ஒருவர்.

படத்தில் ஒரே வகுப்பில் படிக்கும் ஏழு பையன்கள். 1945 ஏப்ரல். அமெரிக்கப் படை பக்கத்து ஊர்வரை வந்துவிட்டது. பையன்களுக்கு ராணுவ அழைப்பு வருகிறது. பயப்படுவார்கள் என்று நினைத்தால், துள்ளிக் குதிக்கிறார்கள்! அழுவது அம்மாக்கள்தான். ஒருவனின் அப்பா உள்ளூர் நாஜிக் கட்சிப் பெரும்புள்ளி. ஊருக்கெல்லாம் வீரவசனம் பேசிய அந்த மனிதர், எதிரி நெருங்கியதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார். மகன் ரைஃபிளோடு பாலத்துக்குப் போகிறான்.

படத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அந்தப் பையன்களைச் சாகடிப்பது கெட்டவர்கள் இல்லை என்பது. ஆசிரியர் போய் ராணுவ அதிகாரியிடம் கெஞ்சுகிறார், இவர்கள் குழந்தைகள், விட்டுவிடுங்கள் என்று. அதிகாரிக்கும் மனசு இளகுகிறது. போர்முனைக்கு அனுப்பாமல், அவர்கள் ஊர்ப் பாலத்திலேயே காவலுக்குப் போடுகிறார். எப்படியும் வெடி வைத்துத் தகர்க்கப்போகிற பாலம் அது. சும்மா நின்றுவிட்டு வீட்டுக்குப் போகட்டும் என்ற கணக்கு. கூடவே அனுபவமுள்ள ஒரு சார்ஜென்ட்டையும் அனுப்புகிறார். அந்த சார்ஜென்ட் நடுராத்திரியில் ஊருக்குள் போகிறார். ரோந்து வந்த சொந்தப் படைக்காரர்களே ஓடுகாலி என்று சந்தேகப்பட்டு அவரைச் சுட்டுவிடுகிறார்கள். இது வெறும் ஒப்புக்காவல் என்று பையன்களுக்குச் சொல்ல ஆளில்லை. எல்லோரும் நல்லதுதான் நினைத்தார்கள். அந்த நல்லதெல்லாம் சேர்ந்து ஏழு பேரைப் பாலத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

முதலில் போவது ஸிகி. இருப்பதிலேயே சின்னவன். முன்பு விமானச் சத்தம் கேட்டுத் தரையில் விழுந்து படுத்ததற்காக மற்றவர்கள் அவனைக் கிண்டல் செய்திருப்பார்கள். அடுத்த முறை விமானம் தாழப் பறந்து வரும்போது எல்லோரும் படுத்துக்கொள்கிறார்கள், இவன் மட்டும் ரோஷத்தோடு நிற்கிறான். அவ்வளவுதான். வேறு ஒரு படமாக இருந்தால் இந்த ரோஷத்துக்குப் பின்னணி இசை போட்டு மெடல் கொடுத்திருப்பார்கள்.

அப்புறம் டாங்கிகள் வருகின்றன. (அவை நிஜ டாங்கிகள் இல்லை, மரத்தில் செய்தவை. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்தும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.) பையன்கள் ஒன்றிரண்டை அடிக்கும்போது, உண்மையைச் சொல்கிறேன், நமக்கும் ‘சபாஷ்’ என்றுதான் வருகிறது. படம் நம்மைப் பிடிப்பது அங்கேதான். ஓர் அமெரிக்கச் சிப்பாய், எதிரில் இருப்பது பிள்ளைகள் என்று தெரிந்ததும், உங்களோடு சண்டை போட மாட்டோம், வீட்டுக்குப் போங்கள் என்று கத்துகிறான். தன்னைச் சின்னப் பையன் என்று சொல்லிவிட்டானே என்ற ஆத்திரத்தில் ஒருவன் அவனைச் சுடுகிறான். வயிற்றில் குண்டு. அந்த ஆள் உடனே சாகவில்லை, அலறுகிறான். கேமரா அந்த அலறலிலிருந்து நகர மறுக்கிறது. சுட்ட பையன் பரிதாபத்துக்குரியவனா, கொலைகாரனா? இரண்டும்தான். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நாம் வீட்டுக்குப் போய்விடாதபடி பார்த்துக்கொள்கிறார் விக்கி.

‘நாஜிக்காகச் சண்டை போட்டவனுக்கு எதற்கு இரக்கம்?’ என்று கேட்பவர்களுக்கும், ‘எந்தப் பக்கமானாலும் சிப்பாய் சிப்பாய்தான்’ என்று தத்துவம் பேசுபவர்களுக்கும் இந்தக் காட்சியையே காட்டுவேன். முதலாமவர் பதினாறு வயதைப் பார்க்க மறுக்கிறார். இரண்டாமவர் அந்த வயதுக்குள் பள்ளியும் வானொலியும் கட்சியும் எதை ஊற்றி வளர்த்தன என்பதைப் பார்க்க மறுக்கிறார்.

ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றை வைத்து 1981-ல் வந்த ‘டாஸ் போட்’ படத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பாதிப் படம்வரை அந்த மாலுமிகளோடு சேர்ந்து நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம், டார்பிடோ குறி தப்பாமல் போனால் நிம்மதியாகிறோம். ஆனால் எரிகிற எண்ணெய்க் கப்பலிலிருந்து ஆட்கள் கடலில் குதித்து இவர்களை நோக்கி நீந்தி வரும் இடம் ஒன்று உண்டு. கேப்டன் கப்பலைப் பின்னுக்கு எடுக்கச் சொல்கிறார். அந்த ஒரு காட்சி இல்லையென்றால் அது வெறும் சாகசப் படமாகவே நின்றிருக்கும்.

பாலத்துக்கு என்ன ஆகிறது? எல்லாம் முடிந்த பிறகு சொந்த ராணுவத்தின் வெடிப்படையினர் அதைத் தகர்க்க வருகிறார்கள். மிச்சமிருக்கும் இரண்டு பையன்களுக்கு அப்போதுதான் விஷயம் புரிகிறது. வெடிப்படையினரோடு தகராறு, துப்பாக்கிச் சூடு, கடைசியில் மிஞ்சுவது ஒருவன். இது நடந்தது 1945 ஏப்ரல் 27 என்றும், எந்த ராணுவ அறிக்கையிலும் குறிப்பிடும் அளவுக்கு இது முக்கியமானதாக இல்லை என்றும் திரையில் எழுத்து வருகிறது. மூன்றாம் நாள் ஹிட்லர் தற்கொலை, மே 8-ல் சரணாகதி.

படத்தைத் தேடிப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று. முதல் பாதி பள்ளிக்கூடம், வீடு, காதல் என்று மெதுவாகப் போகும். சண்டை எப்போது வரும் என்று ஓட்டிவிட்டுப் பார்க்காதீர்கள். எவன் எந்த வீட்டுப் பிள்ளை, எவனுக்கு யார்மேல் கோபம் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அதைத் தாண்டிவிட்டால் இரண்டாம் பாதியில் மிஞ்சுவது ஹெல்மெட் போட்ட ஏழு முகங்களும் மர டாங்கிகளும்தான்.