டோக்கியோ ஸ்டோரிக்கு எத்தனை மார்க்?

பழைய படங்களில் பெண்கள் எத்தனை பேர், சிறுபான்மையினர் எத்தனை பேர் என்று எண்ணி மார்க் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. போடட்டும். ஆனால் ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’க்கு (1953) போடும்போது, பாராட்ட வேண்டியதை விட்டுவிடுகிறார்கள். கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் "அந்தக் காலம் அப்படி" என்று தாண்டிப் போகிறார்கள்.

ஒனோமிச்சி என்ற ஊரிலிருந்து ஒரு வயதான தம்பதி டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள்; ஊர் திரும்பியதும் அம்மா இறந்துபோகிறார். கதை இவ்வளவுதான். அதில் வரும் பெண்களைப் பாருங்கள். மருமகள் நோரிகோ ஆபீஸில் வேலை பார்க்கிறாள். மூத்த மகள் ஷிகே பியூட்டி பார்லர் நடத்துகிறாள். கடைசி மகள் கியோகோ டீச்சர். அம்மாவின் இறுதிச்சடங்கு முடிந்து சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே அம்மாவின் உடுப்புகளைக் கேட்கிறாளே ஷிகே, அதற்காகவே அவளைத் திட்டாத ஆள் இல்லை. எனக்கு அவளைப் பிடிக்கும். ஷிகேவாக நடித்த ஹருகோ சுகிமுரா அவளை வில்லியாக்கவில்லை. கடை, கணவன், கணக்கு என்று ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நடுத்தர வயதுக்காரியாகத்தான் நடித்திருக்கிறார்.

நோரிகோ போரில் கணவனை இழந்தவள். 1948-இல் அமலுக்கு வந்த புதிய சிவில் சட்டம் பழைய குடும்பத் தலைவர் முறையை எடுத்துவிட்டது. சட்டம் போனாலும், விதவை மருமகள் கணவன் வீட்டுக்கே கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு போகுமா? படம் இவளைத் தியாகியாக்கி மாலை போட்டுவிடுமோ என்று பயந்துகொண்டேதான் பார்த்தேன். கடைசியில் மாமனாரிடம் அவளே சொல்லிவிடுகிறாள்: கணவனை நினைக்காத நாட்களும் உண்டு, எப்போதும் இப்படியே இருந்துவிட முடியாது என்று.

முதியவர்கள் இருவர் கதையின் மையத்தில் இருப்பதை மார்க் போடுபவர்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. (தாத்தாவாக வரும் சிஷூ ரியூவுக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை!) அவர்கள் பேசும் ஒனோமிச்சி வட்டார வழக்கும் சப்டைட்டிலில் காணாமல் போய்விடுகிறது.

சரி, யார் இல்லை? போருக்குப் பிந்தைய அமெரிக்க ஆக்கிரமிப்பு முடிந்து அப்போது ஒன்றரை வருடம்தான் ஆகிறது; கதையில் ஒரு அமெரிக்கர் வருவதில்லை. ஜப்பானில் அப்போது ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொரியர்கள் இருந்தார்கள். 1952 ஏப்ரலில் போரை முறைப்படி முடித்த சமாதான ஒப்பந்தம் அமலுக்கு வந்ததோடு, கொரியா ஜப்பானின் காலனியாக இருந்த காலத்தில் வந்த அவர்களுடைய ஜப்பானியக் குடியுரிமையும் போனது. வயதான தம்பதி பஸ்ஸில் சுற்றிப் பார்க்கும் டோக்கியோவில் அவர்களும் இல்லை.

குடும்பத்துக்கு வெளியே இப்படிப்பட்ட மனிதர்கள் இருப்பது ஓசுவுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. சீனாவில் சிப்பாயாக இருந்தவர். 1943-இல் ராணுவம் அவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது, அதுவும் இந்திய விடுதலைப் போராட்டத்தைப் பற்றிப் படமெடுக்க! அந்தப் படம் நடக்கவில்லை. ஆனால் சீனர்களும் மலாய்க்காரர்களும் தமிழர்களும் வாழ்ந்த அந்த ஊரில் போர் முடியும்வரை இருந்தார். ஒரு குடும்பத்துக்குள்ளேயே கதையை வைத்துக்கொள்வது அவர் தெரிந்தே எடுத்த முடிவு. கலையாக அது எனக்குச் சம்மதம். அதைப் பார்த்துவிட்டு "அன்றைய ஜப்பான் இதுதான்" என்று எழுதுவதுதான் சம்மதமில்லை.

காலத்தின் மேல் பழி போடவும் வழியில்லை. ஓசுவின் படம் வந்தது நவம்பரில். அடுத்த மாதமே நடிகை கினுயோ தனகா இயக்குநராகத் தன் முதல் படமான ‘லவ் லெட்டர்’-ஐக் கொண்டுவந்தார். ஊருக்குத் திரும்பிவிட்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்கு ஜப்பானியப் பெண்கள் அனுப்பும் கடிதங்களை ஆங்கிலத்தில் எழுதிக்கொடுக்கும் இருவரின் கதை. அப்பெண்களை ஊர் எப்படி இழிவாகப் பார்த்தது என்பதைத் தனகா மழுப்பாமல் காட்டுகிறார். அதிலும் கொரியர்கள் இல்லைதான். மார்க் போடுகிறவர்கள் இரண்டையும் அடுத்தடுத்து பார்த்துவிட்டுப் போடட்டும்.