ஐரிஷ் விஸ்கி விழுந்ததற்கு அமெரிக்காவை மட்டும் குறை சொல்லாதீர்கள்

ஸ்காட்லாந்தின் ஸ்காட்ச், அயர்லாந்தின் ஐரிஷ் ஆகிய இரண்டு விஸ்கிகளின் ஏற்றுமதியையும் இரண்டு கோடுகளாகப் போட்டு, 1920க்கு நேரே ஒரு அம்புக்குறி வைத்து, "அமெரிக்க மதுவிலக்குதான் ஐரிஷ் விஸ்கியைக் கொன்றது" என்று ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. மதுவிலக்கு பலமாக அடித்தது உண்மை. ஆனால் சரிவு தொடங்கியது அதற்கு வெகுகாலம் முன்னால், அயர்லாந்தின் தலைநகரான டப்ளினிலேயே.

19ஆம் நூற்றாண்டில் டப்ளின் விஸ்கிக்கு இருந்த மதிப்பு ஸ்காட்ச்சுக்குக் கிடையாது. ஜான் ஜேம்சன், வில்லியம் ஜேம்சன், ஜான் பவர், ஜார்ஜ் ரோ என்று நான்கு பெரிய ஆலைகள். முளைகட்டிய பார்லியோடு முளைகட்டாததையும் சேர்த்துப் பெரிய செம்புக் கொப்பரைகளில் காய்ச்சுவார்கள். ஒவ்வொரு ஈடு முடிந்ததும் கொப்பரையைக் காலி செய்து மறுபடி நிரப்ப வேண்டும். 1830 வாக்கில் ஈனியஸ் காஃபி இதற்கு மாற்றாக ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். உயரமான கோபுரம்; மேலிருந்து ஊறல் இறங்கும், கீழிருந்து நீராவி ஏறும், இடைவிடாமல் சாராயம் வடிந்துகொண்டே இருக்கும். காஃபி அயர்லாந்தில் கலால் அதிகாரியாக இருந்தவர். அப்படியிருந்தும் டப்ளின் முதலாளிகள் அந்தக் கருவியைச் சீந்தவில்லை.

பிடித்துக்கொண்டவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். கோபுரத்தில் வடித்த மலிவான தானிய விஸ்கியோடு, முளைகட்டிய பார்லியில் மட்டும் காய்ச்சிய மால்ட் விஸ்கியைக் கலந்து, எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே ருசி தரும் சரக்கைச் செய்தார்கள். அதே காலத்தில் பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை ஃபிலாக்ஸெரா பூச்சி அழித்தது. பிராந்திக்குத் தட்டுப்பாடு வந்ததும் லண்டன் கனவான்களின் கிளாஸில் ஸ்காட்ச் உட்கார்ந்துகொண்டது. டப்ளின் நால்வரோ, கலப்பு என்பதே மோசடி என்று 1878இல் புத்தகம் போட்டுச் சண்டை பிடித்தார்கள். 1909இல் பிரிட்டிஷ் அரசின் விசாரணைக் குழுவான ராயல் கமிஷன், கலப்பும் விஸ்கிதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ருசியில் அவர்கள் விட்டுக்கொடுக்காததை நான் மதிக்கிறேன். ஆனால் இரண்டையும் செய்திருக்கலாமே! அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு நாடே விலை கொடுத்தது.

அதன் பிறகுதான் மற்றவை: அயர்லாந்தின் விடுதலைப் போர், அமெரிக்க மதுவிலக்கு, 1932 முதல் 1938 வரை பிரிட்டனோடு நடந்த வர்த்தகச் சண்டை. இரண்டாம் உலகப் போரின்போது அயர்லாந்து அரசு விஸ்கி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. பிரிட்டனிலோ பிரதமர் சர்ச்சில் 1945இல், விஸ்கிக்கான பார்லியைக் குறைக்கவே கூடாது, அது டாலர் கொண்டுவரும் சரக்கு என்று உத்தரவு போட்டார். விஸ்கி குறைந்தது மூன்று வருஷம் பீப்பாயில் கிடக்க வேண்டும். அன்று எடுத்த முடிவு ஏற்றுமதிக் கணக்கில் தெரிய அத்தனை வருஷம் ஆகும். 1920க்கு நேரே அம்புக்குறி போடுபவர்கள் கோட்டைவிடுவது இதைத்தான்.

1975இல் அயர்லாந்துத் தீவு முழுக்க ஓடிக்கொண்டிருந்தவை இரண்டே ஆலைகள், மிடில்டனும் புஷ்மில்ஸும். 1988இல் பிரெஞ்சு மது நிறுவனமான பெர்னோ ரிக்கார் கைக்கு வந்த பிறகு ஜேம்சன் உலகம் பூராவும் போனது. 2022இல் ஐரிஷ் ஏற்றுமதி சுமார் 100 கோடி யூரோ. அதே வருஷம் ஸ்காட்ச் 620 கோடி பவுண்டு! "ஐரிஷ்தான் வேகமாக வளர்கிறது" என்று சதவீதத்தை மட்டும் காட்டுகிறவர்கள் இந்த இடைவெளியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சமீப வருஷங்களில் இரண்டுக்குமே நெருக்கடி. ஸ்காட்ச் 2024இல் 540 கோடி பவுண்டுக்கு வந்துவிட்டது. ஸ்காட்ச் மீதான 150 சதவீத இந்திய இறக்குமதி வரியை முதலில் 75 ஆக்கி, பிறகு படிப்படியாக 40க்குக் கொண்டுவரும் இந்திய-பிரிட்டன் ஒப்பந்தம் 2025 ஜூலையில் கையெழுத்தானது. அளவில் பார்த்தால் இந்தியாதான் 2022இல் ஸ்காட்ச்சின் முதல் சந்தை, அதனால் அவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஐரிஷ் பக்கம் வாட்டர்ஃபோர்ட் ஆலை 2024 கடைசியில் கடனில் மாட்டியது. 2025இல் மிடில்டனிலேயே சில மாதம் உற்பத்தியை நிறுத்தினார்கள். உடனே "மறுபடி சாகிறது" என்று எழுதக் கிளம்பிவிட்டார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டாக இருந்த ஆலைகள் இன்று நாற்பதுக்கும் மேல். அதில் சில மூடும். ஆனால் கோபுரமும் செம்புக் கொப்பரையும் இன்று மிடில்டனில் ஒரே வளாகத்தில் ஓடுகின்றன, அங்கே கலப்பு விஸ்கியை யாரும் மோசடி என்று சொல்வதில்லை.