நோயோடு பிறக்க வைக்கப்பட்ட ஐந்து குரங்குகள்

2019 ஜனவரியில் ஷாங்காய் நரம்பியல் ஆய்வகம் வெளியிட்ட ஐந்து குரங்குக் குட்டிகளின் படம் இன்றும் என் மனத்தை விட்டு அகலவில்லை. உறக்கத்தையும் விழிப்பையும் முறைப்படுத்தும் பிமால்1 என்ற மரபணு செயலிழக்கச் செய்யப்பட்ட குரங்குகளில், நோய்க்குறிகள் மிகக் கடுமையாக இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் செல்களிலிருந்து குளோனிங் முறையில், அதாவது அதன் மரபணு நகல்களாக, இக்குட்டிகளை உருவாக்கினார்கள். உறக்கக் கேடு, பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கு மருந்து தேடுவதே நோக்கம்.

நான் குளோனிங்கை எதிர்ப்பவன் அல்லன். என் பெரியப்பா வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொண்டு, கடைசிவரை கிடைக்காத ஒரு சிறுநீரகத்துக்காக நான்கு ஆண்டுகள் காத்திருந்ததை அருகிலிருந்து பார்த்தவன். அதனால், 2024 மார்ச்சில் பாஸ்டனில், 69 மரபணுத் திருத்தங்கள் செய்யப்பட்ட பன்றியின் சிறுநீரகம் ஒருவருக்குப் பொருத்தப்பட்டது என்ற செய்தியைப் படித்தபோது கண் கலங்கினேன். அவர் இரண்டு மாதங்களுக்குள் இறந்துவிட்டார் என்றாலும், வழி திறந்துவிட்டது. அத்தகைய பன்றி குளோனிங் இல்லாமல் எளிதில் பிறந்திருக்காது: ஆய்வகத்தில் வளரும் செல்லில் மரபணுக்களைத் திருத்தி, அதன் உட்கருவை, தன் உட்கரு நீக்கப்பட்ட கருமுட்டைக்குள் செலுத்தித்தான் முழு விலங்கைப் பெறுகிறார்கள். 1996 ஜூலையில் ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிறுவனத்தில் டாலி என்ற ஆட்டைப் பிறக்கச் செய்த அதே முறைதான் இது. அங்கேயும் மருத்துவமே இலக்காக இருந்தது. மறு ஆண்டே, இரத்தம் உறைவதற்கான மனிதப் புரதத்தைப் பாலில் சுரக்கக்கூடிய பாலி என்ற ஆடு பிறந்தது.

ஆனால் அந்தப் பன்றியும் இந்தக் குரங்குகளும் ஒன்றல்ல. பன்றி உறுப்புக்காகக் கொல்லப்படுகிறது. அதுவும் எனக்கு உறுத்தலானதே. எனினும் அது நலமாக வாழ்ந்தால்தான் அதன் உறுப்பு பயன்படும். குரங்கோ துன்பப்பட்டால்தான் பயன்படும். அதன் மனம் நம் மனத்தை எவ்வளவு ஒத்திருக்கிறதோ அவ்வளவுக்கு ஆய்வு சிறக்கும். அவ்வளவுக்கு நாம் இழைக்கும் தீங்கும் கூடும். இந்த முரணைத் தீர்க்கும் விடை எதையும் நான் இதுவரை படிக்கவில்லை.

ஒரே மரபணு அமைப்புடைய விலங்குகள் கிடைத்தால் ஆய்வுக்குக் குறைவான விலங்குகளே போதும் என்பது அறிவியலாளர்களின் வாதம். முடிவுகளில் தனி விலங்குகளின் வேறுபாடு குறுக்கிடாது என்பதால் அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த ஐந்து குட்டிகளுக்காக 325 கருக்கள் 65 வாடகைத் தாய்க் குரங்குகளுக்குள் செலுத்தப்பட்டன. அந்தத் தாய்களில் 16 மட்டுமே கருவுற்றன. டாலிக்காகவும் 277 முயற்சிகள் தேவைப்பட்டன. 29 கருக்களை 13 ஆடுகள் சுமந்தன. 'குறைவான விலங்குகள்' என்ற கணக்கில் இந்தத் தாய்களை யார் சேர்க்கிறார்கள்?

2024இல் அறிவிக்கப்பட்ட, குளோனிங் முறையில் பிறந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உயிர்வாழ்ந்த ரீசஸ் இனக் குரங்கைப் பார்க்கும்போது, தொழில்நுட்பத் தடைகள் ஒவ்வொன்றாக விலகுவது தெரிகிறது. ஆகவே, இப்போதே இரண்டு விதிகள் வேண்டும் என்கிறேன். வாடகைத் தாய்களையும் கலைந்த கருக்களையும் சேர்த்து எண்ணிய பிறகே எந்த ஆய்வுக்கும் நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும். மனநோய்க்கு மாதிரியாகக் குரங்குகளைக் குளோனிங் செய்வதை, அந்த விலங்கின் துன்பத்தை எந்த அளவில் நிறுத்துவோம் என்று முன்கூட்டியே எழுதித் தராத எவருக்கும் அனுமதிக்கக் கூடாது.