மின்வாரியத்தில் வேலை பார்த்த மாயக்கதைக்காரர்

அலுவலக வேலை கற்பனையைக் கொன்றுவிடும் என்று சென்னை இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறேன். ஃபேன்டஸி எழுத விரும்பும் இளைஞர்கள் அதை நம்பவும் செய்கிறார்கள். ஆங்கில ஃபேன்டஸி எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டின் வாழ்க்கை இதற்கு நேர்மாறானது என்பதே என் கருத்து.

1948இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், 17 வயதில் பள்ளியை விட்டு உள்ளூர்ச் செய்தித்தாளில் நிருபராகச் சேர்ந்தார். 1980இல், அமெரிக்காவில் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து நடந்த மறு வருடம், இங்கிலாந்திலுள்ள மின் உற்பத்தி வாரியத்தின் பத்திரிகைத் தொடர்பு அலுவலரானார். அணுமின் நிலையங்களைப் பற்றிக் கேள்வி எழுப்பும் நிருபர்களுக்கு விளக்கம் சொல்வதும் அவர் வேலையாக இருந்தது. ஆமையின் மேல் நிற்கும் நான்கு யானைகள் சுமக்கும் தட்டை உலகத்தைப் பற்றிய முதல் நாவல், அவர் அந்தப் பணியில் இருக்கும்போதுதான், 1983இல் வெளியானது. (கூர்மத்தையும் திசை யானைகளையும் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது.) 1987இல்தான் வேலையை விட்டார். அந்தத் தட்டை உலக வரிசையில் மொத்தம் 41 நாவல்கள் எழுதினார்.

அந்த நாவல்களில் வரும் அங்க்-மோர்போர்க் என்னும் கற்பனை நகரத்தில் மந்திரவாதிகள் இருக்கிறார்கள். ஆனால் கதையை நகர்த்துபவை பெரும்பாலும் தபால் நிலையம், வங்கி, காவல் நிலையம், நாளிதழ் ஆகியவைதாம். திருடர்களுக்குச் சங்கம் உண்டு. அதன் உறுப்பினர்கள் திருடியதற்கு முறையாக ரசீதும் தருவார்கள். ஊருக்கு நடுவே ஓடும் ஆறு, மேலே நடந்து போகலாம் என்னும் அளவுக்கு அழுக்கேறியது. கூவக்கரையில் இருப்பவர்கள் அதை மிகையாக நினைக்க மாட்டார்கள். நிர்வாகம் எப்படி இயங்குகிறது, எங்கே மழுப்புகிறது என்பதை உள்ளிருந்து பார்த்தவரால் மட்டுமே இப்படி ஒரு நகரத்தைக் கட்ட முடியும்.

2007இல் தமக்கு அல்சைமர் வகை நோய் வந்திருப்பதை அறிவித்தார். தட்டச்சு செய்ய இயலாமல் போன பிறகும், சொல்லச் சொல்ல எழுதவைத்து, 2015இல் இறக்கும் வரை நாவல்களைத் தொடர்ந்தார்.

1947 முதல் அம்புலிமாமாவை அச்சிட்டுத் தந்த ஊர் சென்னை. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டே சுஜாதா எழுதிக் குவித்ததையும் நாம் பார்த்திருக்கிறோம். அப்படியிருந்தும் நம் மாயக்கதைகளில் இன்னும் அரண்மனையும் சாபமும்தான் அதிகம். அந்த அரண்மனைக்கு யார் தண்ணீர் கொண்டுவருகிறார்கள், வரியை யார் வசூலிக்கிறார்கள் என்று கதை கேட்பதில்லை. குடிநீர் வாரியத்திலோ பத்திரப்பதிவு அலுவலகத்திலோ வேலை பார்க்கும் ஒருவர், ராஜினாமா செய்யாமல், ஒரு ஃபேன்டஸி நாவல் எழுதினால் முதலில் வாங்கிப் படிப்பவன் நானாகத்தான் இருப்பேன்.